அம்பாசிடரும் பத்மினியும்



பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே, ஆனைமலை செல்லும் சாலையை ஒட்டிய தென்னந்தோப்பு ஒன்றிற்குச் சென்ற மாதம் நாம் அழைக்கப்பட்டிருந்தோம். நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் அது. குடும்பத் தலைவர் மறைந்து ஓராண்டு நிறைவுற்றிருந்தது. ஆண்டு நினைவுத் திருப்பலியும் அதன்பின் உணவும் முடிந்து, வந்திருந்த உறவினர் ஒவ்வொருவராக விடைபெற்ற பிறகு, அண்ணனும் தங்கையும் நம்மைத் தோட்டத்துச் சாளையின் பின்புறமிருந்த கொட்டகைக்கு அழைத்துச் சென்றனர்.

அங்கே இரண்டு ஊர்திகள் அருகருகே நின்றன. ஒன்று 1985ஆம் ஆண்டைச் சேர்ந்த வெள்ளை அம்பாசிடர், நான்காம் மார்க் வகை. மற்றொன்று 1988ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி, இளநீல நிறம். இரண்டையுமே தந்தையார் பிறரிடமிருந்து பழையதாக வாங்கியவர். இரண்டையும் வைத்துப் பராமரிக்க இயலாது, ஒன்றை விற்றுவிட வேண்டும் என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் உடன்பாடு இருந்தது. எதை விற்பது என்பதில்தான் மூன்று மாதமாக இருவருக்குமிடையே பேச்சே குறைந்து போயிருந்தது. வீட்டுப் பொருள்களைப் பற்றி இப்பகுதியில் நாம் அவ்வப்போது எழுதி வருவதால், நம்மிடம் ஒரு தீர்ப்பை எதிர்பார்த்தனர்.

தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும், இவ்விரு ஊர்திகளும் எவ்வாறு அமைந்தவை, எங்கே வேறுபடுகின்றன, முதுமையில் ஒவ்வொன்றும் எவ்வகையில் தளர்கிறது என்பனவற்றை அன்று பட்டறைக்காரர் ஒருவரின் துணையோடு கண்டறிந்தோம். அதனையே ஈண்டு வாசகர்களுடன் பகிர்ந்து கொள்கிறோம்.

இரு ஊர்திகளின் பிறப்பு

மோட்டார் வண்டி என்றால் நம் பகுதிக்குப் பழைய உறவு உண்டு. கோவையின் ஜி. டி. நாயுடு 1920இல் தம் முதல் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையேதான் ஓட்டினார். நச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பேருந்துகள் நம் ஊரிலிருந்தே புறப்பட்டுக் கொங்கு நாடெங்கும் ஓடின. ஆனால் சொந்த மோட்டார் வண்டி என்பது நெடுங்காலம் மிகச் சிலருக்கே வாய்த்தது. அவ்வாறு வாய்த்தவர்களுக்கும் தேர்வு பெரும்பாலும் இரண்டே. அம்பாசிடர் ஒன்று, பியட் மற்றொன்று. சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றாவதாக இருந்தது.

அம்பாசிடரின் தாயகம் இங்கிலாந்து. அங்கே செய்யப்பட்ட மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசை அமைப்பைப் பெற்று, பிர்லா குடும்பத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் இதனைச் செய்து வந்தது. வெளித்தோற்றத்தில் சிறு மாற்றங்களும், பின்னாளில் எஞ்சின் மாற்றங்களும் கண்டு, 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொழிற்சாலை நிற்கும்வரை அது வெளிவந்தது.

பத்மினியின் தாயகம் இத்தாலி. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், பம்பாயின் குர்லா தொழிற்சாலையில் 1964 முதல் பியட் 1100 டிலைட் என்னும் வண்டியைச் செய்தது. அதுவே பின்னர்ப் பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, 1974 முதல் பிரீமியர் பத்மினி என்னும் பெயர் பெற்றது. நம் ஊரில் பலர் இப்பெயரைத் திரைப்பட நடிகையோடு தொடர்புபடுத்துவர். உண்மையில் அது சித்தூர் அரசி பத்மினியின் பெயர். பெயர் மாறிய பின்னும் நம் மக்கள் அதனைப் பியட் என்றே அழைத்தனர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு இரண்டின் செல்வாக்கும் குறையத் தொடங்கியது. பத்மினி புதிய நூற்றாண்டின் வாயிலில் உற்பத்தியை நிறுத்தியது. மும்பைத் தெருக்களில் மஞ்சளும் கறுப்புமாய் ஓடிய பத்மினி வாடகைக் கார்களும், இருபது ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியோடு விடைபெற்றன.

அமைப்பில் வேறுபாடு

முதலில் அளவைக் காண்போம். அம்பாசிடரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், எடை 1,100 கிலோவுக்கு மேல். பத்மினியின் நீளம் ஏறத்தாழ 3.9 மீட்டர், எடை 900 கிலோவை ஒட்டியது. அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பத்மினியின் எஞ்சின் 1,089. முன்னது ஐம்பதுக்குச் சற்று மேலான குதிரைத்திறனும், பின்னது நாற்பதை ஒட்டிய குதிரைத்திறனும் தரக்கூடியவை. பெரியதன் ஆற்றல் கூடுதல். ஆயின் அது சுமக்க வேண்டிய தன் உடலும் பெரிது. எனவே தனியே ஒருவர் செல்லும்போது பத்மினி சுறுசுறுப்பாக ஓடுவதும், ஆறு பேரும் மூட்டைகளும் ஏறிய பின்னும் அம்பாசிடர் சலிக்காமல் இழுப்பதும் இயல்பே.

இரண்டிலும் எஞ்சின் முன்னே, இயக்கம் பின் சக்கரங்களுக்கு. இரண்டிலும் பின்புறம் வில்பட்டைகளே உடலைத் தாங்குகின்றன. முன்புறத்தில்தான் வேறுபாடு. பத்மினிக்கு முன்னே சுருள்வில். அம்பாசிடருக்கோ சுருள்வில்லும் இல்லை, பட்டையும் இல்லை. வண்டியின் நீளவாக்கில் ஓடும் எஃகுத் தண்டு ஒன்று, சக்கரம் மேலெழும்போது முறுக்கிக் கொண்டு, மீண்டும் தன் நிலைக்குத் திரும்புகிறது. பள்ளமும் மேடுமான வண்டித் தடங்களில் அம்பாசிடர் புகழ் பெற்றமைக்கு இம்முறுக்குத் தண்டு ஒரு காரணம். இரு வண்டிகளிலும் முன் சக்கர மூட்டுகளுக்குக் காலந்தோறும் கிரீஸ் ஏற்றியாக வேண்டும். இக்கால வண்டிகளுக்குப் பழகியவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர். மூட்டுகள் வறண்டு தேய்கின்றன.

எஞ்சினின் தலைப்பகுதியில் மற்றொரு முக்கிய வேறுபாடு. அம்பாசிடருக்கு அது வார்ப்பிரும்பு, பத்மினிக்கு அலுமினியம். அலுமினியம் இலேசானது, வெப்பத்தை விரைவில் கடத்துவது. ஆனால் ரேடியேட்டரில் நீர் குறைந்து ஒருமுறை கொதித்துவிட்டால் எளிதில் வளைந்துவிடும். வார்ப்பிரும்பு சற்றுக் கூடுதலாகப் பொறுக்கும். பத்மினி வைத்திருப்பவர் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் முன் ரேடியேட்டரைப் பார்த்துக் கொள்வது நலம்.

அந்த மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறுவதற்கு மட்டும் சோதனையல்ல. இவ்விரு வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகளே. இறங்கும்போது காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிரம் சூடேறி, பிடிப்பு மெல்ல மெல்ல இழந்து போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர் கூறுவது இதனால்தான்.

மறைந்திருக்கும் துரு

நாம் சொல்லியவாறு, அன்று பொள்ளாச்சியிலிருந்து பட்டறைக்காரர் ஒருவர் வந்திருந்தார். நாற்பது ஆண்டாக இவ்விரு வண்டிகளையும் கழற்றி மாட்டியவர். அவர் எஞ்சினைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, படிக்குக் கீழான விளிம்பு என ஒவ்வோரிடமாக வைத்துப் பார்த்தார்.

"எஞ்சின் போனா வேற எஞ்சின் தேடிக்கலாமுங்க. தரை போனா என்னங்க பண்றது?" என்றார்.

அவர் கூறியதன் உட்பொருளை வாசகர்கள் உணர வேண்டும். ஜீப்பு, லாரி ஆகியவற்றிற்குக் கீழே தனியாக ஒரு சட்டம் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அத்தகையதே. அம்பாசிடரிலும் பத்மினியிலும் அவ்வாறில்லை. தரைத் தகடும், பக்க விளிம்புகளும், கூரையும் ஒன்றாய்ப் பற்றவைக்கப்பட்டு, அவையே வண்டியின் எலும்பாகவும் இருக்கின்றன. ஆகவே தரையில் ஏறும் துரு அழகைக் கெடுக்கும் குறை மட்டுமன்று. வண்டியின் வலிமையையே அது தின்கிறது.

நம் பகுதியில் துருவுக்கு வாய்ப்பு மிகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் ஈரத்தைக் கொண்டு வருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் நீர் பாயும் தோப்புகளில் மண்தரைக் கொட்டகைக்குள் ஈரம் கீழிருந்து எழும். வண்டி ஓடாமல் நிற்குமானால் அந்த ஈரம் காயவே வழியில்லை.

அம்பாசிடரில் காந்தம் பெரும்பாலான இடங்களில் ஒட்டிக் கொண்டது. பத்மினியில் ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கீழ் விளிம்பில் அது ஒட்டாமல் நழுவி விழுந்தது. அங்கே இருந்தது தகடன்று, பட்டி. என்றோ ஒரு நாள் துருவை மறைக்கப் பூசி, மேலே சாயம் அடித்திருக்கின்றனர். பட்டறைக்காரர் உள்ளேயிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்திற்குத் தகடு செதில் செதிலாகப் பெயர்ந்து, அதனூடே கொட்டகையின் மண்தரை தெரிந்தது.

தங்கையார் எதுவும் பேசவில்லை. பத்மினியை வைத்துக்கொள்ள வேண்டுமென்று விரும்பியவர் அவர். கல்லூரி விடுமுறையில் தந்தையார் அவருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தது அவ்வண்டியில்தான்.

எரிபொருளும் ஏடுகளும்

பழைய வண்டி வைத்திருப்போர் அறிய வேண்டிய செய்திகள் இன்னும் சில உண்டு. இவ்விரு எஞ்சின்களும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் உருவானவை. ஈயம் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்தினின்று ஓரளவு காத்தது. 2000ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கப்பட்டு, 2025இல் அக்கலவை 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர் குழாய்களையும், பெட்ரோல் பம்பின் மென்தகட்டையும், கார்புரேட்டரின் அடைப்புகளையும் எத்தனால் நாளடைவில் இளகச் செய்யும். தொட்டியில் நெடுநாள் தேங்கினால் ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், தொட்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்காதிருப்பதும் நன்று. பெட்ரோல் கசிவு தீ விபத்துக்கு வழிகோலும் என்பதை மறத்தலாகாது.

அடுத்தது பதிவேடு. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் மோட்டார் கார்களுக்கு 5,000 ரூபாய் ஆயிற்று. 2025இல் வந்த திருத்தத்தின்படி, 20 ஆண்டுகளைக் கடந்தவற்றிற்கு 10,000 ரூபாய். இரண்டு பழைய வண்டிகளை வைத்திருப்பது இக்குடும்பத்திற்குச் சுமையானதற்கு இதுவும் ஒரு காரணம். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பொருளாகப் பதிவு செய்யத் தனி விதி 2021இல் வந்துள்ளது. இவ்விரண்டும் அவ்வயதை இன்னும் எட்டவில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒளிவின்றிக் கூறிவிட வேண்டும். மோதலின்போது விரியும் காற்றுப் பை, சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக்கு முதலியன இவற்றில் இல்லை. இவ்வீட்டு வண்டிகள் இரண்டிலும் இருக்கைப் பட்டையும் இல்லை. 'பழைய தகடு கனமானது, ஒன்றும் ஆகாது' என்னும் பேச்சைப் பலர் கூறக் கேட்கிறோம். தகடு மடங்காவிடில் மோதலின் வேகத்தை உள்ளே இருப்பவர் உடலே ஏற்க நேரிடும். கோவைச் சாலையின் இன்றைய வேகத்தில் குழந்தைகளை ஏற்றிச் செல்ல இவ்விரண்டில் எதையும் நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

யாருக்காக வண்டி?

இவ்வளவும் பார்த்த பின்னும் அண்ணனும் தங்கையும் நம் முகத்தையே நோக்கினர். நாம் ஒரு வினாவை மட்டும் எழுப்பினோம். "இவ்வண்டியில் யார் செல்லப் போகிறார்கள்?"

இருவரும் ஒருங்கே சாளையின் திண்ணையைப் பார்த்தனர். அங்கே அவர்களுடைய அன்னையார் அமர்ந்திருந்தார். முழங்கால் வலியால் ஆட்டோவில் ஏறி இறங்க இயலாமல், ஞாயிறு திருப்பலிக்கு வருவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டவர். மகள் கோவையிலிருந்து தம் புதிய வண்டியில் மாதம் ஒருமுறை வந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். மற்ற நாள்களில் அம்மா திண்ணையோடு சரி.

அன்னையாரை மெல்ல அழைத்து வந்தோம். பத்மினியின் இருக்கை தாழ்ந்தது. அவர் குனிந்து, காலை மடக்கி உள்ளே வைக்க முயன்று, வலியால் கதவைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரமுள்ள அம்பாசிடரிலோ, அகலத் திறந்த கதவின் வழியே நாற்காலியில் அமர்வதுபோல் பக்கவாட்டில் அமர்ந்து, பின்னர்க் கால்களை உள்ளே எடுத்துக்கொண்டார். சாய்ந்து அமர்ந்தபின் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்களுக்கு எந்த வண்டி பிடிக்குமுங்கம்மா?" என்று கேட்டோம்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. அவரு பக்கத்துல உக்காந்து ரெண்டுலயும் போயிருக்கேன். இதுக ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசாம இருக்கறதைத்தான் பாக்க முடியலீங்க," என்றார் அவர்.

தங்கையார்தான் முதலில் வாய் திறந்தார். "அம்பாசிடரே இருக்கட்டும், அண்ணா. அம்மா கோயிலுக்குப் போகட்டும்."

பிரச்சினை அத்துடன் தீர்ந்ததென்றே நாம் எண்ணினோம். ஆனால் அண்ணன் பத்மினியைச் சுற்றி வந்து, பட்டறைக்காரரிடம் தாழ்ந்த குரலில் வினவினார். உடுமலையிலிருந்து இளைஞர் ஒருவர் அதனை வாங்க ஆவலோடு இருக்கிறாராம். அந்தத் துளைக்கு ஒரு தகடு வைத்து, பட்டி பூசி, சாயம் அடித்துவிட்டால் என்ன?

பட்டறைக்காரர் பதில் கூறாமல் காந்தத்தைத் துடைத்துக் கொண்டிருந்தார்.

"வாங்கறவரு பொண்டாட்டி புள்ளையோட போவாரு, அண்ணா," என்றார் தங்கை.

"நமக்கு வித்தவங்க சொல்லலையே, அம்மிணி. நாம மட்டும் ஏன் சொல்லணும்?"

இது பொருளற்ற வாதமன்று. பழைய பொருள் வாங்கி ஏமாந்தவர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வாதமே. ஏமாற்றம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிச் செல்வது இவ்வழியேதான். இறுதியில் எவன் கையில் அது தங்குகிறதோ அவனே முழு விலையையும் கொடுக்கிறான். இங்கே அவ்விலை ஓர் உயிராகவும் இருக்கக்கூடும்.

வண்டிக்குள்ளிருந்து அன்னையாரின் குரல் எழுந்தது. "உங்கப்பா காய் எண்ணிப் போடறப்ப அழுகலையும் குறுங்காயையும் அவரே பொறுக்கித் தனியா வைப்பாரு, கண்ணு. யாவாரி பாக்கறதுக்கு முன்னாலயே வெச்சிருவாரு."

அண்ணன் நெடுநேரம் தரையையே பார்த்து நின்றார். பின்னர்க் கொட்டகையிலிருந்து வெளியேறி வாய்க்கால் வரை நடந்து திரும்பினார்.

பின்னர் நிகழ்ந்தது

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞர் வந்தபோது நாமும் சென்றிருந்தோம். அண்ணனே ரப்பர் விரிப்பைத் தூக்கித் துளையைக் காட்டினார். இளைஞர் குனிந்து பார்த்தார். பேசியிருந்த விலையில் இருபதாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார். அண்ணன் மறுக்கவில்லை. தரை முழுவதையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்த பிறகே சாலையில் ஓட்டுவதாக இளைஞர் கூறினார். அதற்குரிய பட்டறையின் முகவரியையும் நம் பட்டறைக்காரரே எழுதிக் கொடுத்தார். பத்மினியை ஓட்டாமல், வேறொரு வண்டியின் மேல் ஏற்றிக் கொண்டு சென்றனர். தங்கையார் அது சாலை திரும்பும்வரை தோப்பின் வாயிலில் நின்றிருந்தார்.

பழைய வண்டி வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு இதிலிருந்து சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம். பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். விரிப்புகளைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லி, புகையின் நிறத்தைக் கவனியுங்கள். தொடர்ந்து நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்பது பொருள். எஞ்சின் எண், அடித்தள எண் இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துள்ளனவா என நீங்களே படித்துப் பாருங்கள். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதை வாங்குமுன் விசாரியுங்கள். எல்லாவற்றிற்கும் முன்னதாக, அதில் யார் செல்லப் போகிறார்கள் என்பதை முடிவு செய்து, அவரையும் அழைத்துச் சென்று அமர்த்திப் பாருங்கள்.

விற்பவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. விரிப்பை நீங்களே தூக்கிக் காட்டுங்கள்.

அம்பாசிடருக்கு அண்ணன் குழாய்களை மாற்றி, பிரேக்குக் கட்டைகளைப் புதிதாகப் போட்டுள்ளார். கொட்டகைத் தரைக்குச் சிமெண்டு பூசியாயிற்று. தோப்பிலிருந்து கோயிலுக்குச் செல்லும் சில மைல் தொலைவிற்கு மட்டும், முப்பது மைல் வேகத்தைத் தாண்டாமல், அது ஓடுகிறது. சென்ற ஞாயிறன்று முதல் திருப்பலிக்கு நாம் சென்றபோது, கோயில் வளாகத்து வேப்பமர நிழலில் அது நின்றிருந்தது. அன்னையார் முன்வரிசையில் தம் பழைய இடத்தில் அமர்ந்திருந்தார்.